நிழலைப் பார்த்து ஓட்டியவருக்கு

இன்று காலை நம் வாசலுக்குப் பக்கத்து மீட்டர் பெட்டியில் கருகின வாடை அடித்தது. திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் கீழ்வீடு வாங்கினால் இதெல்லாம் நம் தலையில்தான் விடியும் என்று அன்றே சொன்னேன், கேட்டீர்களா? வெள்ளானூரிலிருந்து எலெக்ட்ரீஷியன் குமார் வந்தார். கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடுகிற பெட்டியைத் திறந்தார். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. "லைன் செத்துப்போச்சும்மா" என்று கையை உள்ளே நீட்டப் போனார்.

"இருப்பா. டெஸ்டர வெச்சிப் பாரு."

"லைட்டே எரியல, அப்புறம் இன்னாம்மா? என்மேல நம்பிக்கை இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியைத்தானே கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்!

நீங்கள் இருந்தவரை, வெளியே கிளம்பும்போதெல்லாம் "சிலிண்டர மூடினியா?" என்பீர்கள். "மூடிட்டேன்" என்பேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து சொன்ன பிறகும் போய்ப் பார்த்தால் என்ன அர்த்தம்? இதில் சந்தேகப்படுகிறவர் வேறு எதிலெல்லாம் சந்தேகப்படுகிறாரோ என்று எனக்கு உங்கள்மேல் சந்தேகம். நீங்கள் பம்பாய்ப் பக்கம் ரயில் ஓட்டிக்கொண்டு எப்போதாவது வந்துபோன காலத்தில், ஆவடியில் அம்மா வீட்டிலிருந்த என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தீர்களோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கேட்டால் இன்ஜின் கதை சொல்வீர்கள். பம்பாய் வட்டாரத்தில் மேலே ஓடுகிற கம்பியில் ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் டிசி. அதைத் தாண்டினால் இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஏசி. எல்லையில் வண்டியை நிறுத்தி இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டவேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் இரண்டு கரண்டிலும் ஓடுகிற இன்ஜினைச் செய்தார்களாம். உங்கள் வயசெல்லாம் அதில்தான் போயிற்று. நடுவில் கரண்டே இல்லாத கம்பித் துண்டு ஒன்று வரும். இன்ஜின் தலையில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொம்பை இறக்கி, வந்த வேகத்திலேயே உருண்டு, சுவிட்சை மாற்றி, அந்தப்பக்கம் போய் அந்தக் கரண்டுக்கான மற்றக் கொம்பை ஏற்றவேண்டும். முதல் கொம்பு இறங்காமலே அந்தப்பக்கம் போனால் இன்ஜின் கருகிவிடும். ஆனால் அந்தத் துண்டில் கொம்பு இறங்காவிட்டாலும் மீட்டர் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். அதனால் ஜன்னலில் தலையை நீட்டி, தரையில் கூடவே ஓடிவரும் நிழலில் கொம்பு மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அப்புறம் உதவி டிரைவரும் வந்து பார்ப்பார்.

"ஒர்த்தன் சொல்லணும், ரெண்டு பேரும் பாக்கணும்டி. அவன்மேல சந்தேகமில்ல, முள்ளுமேலதான்."

"மழைக்காலத்துல நிழலுக்கு எங்க போவீங்க?"

"கழுத்து இன்னாத்துக்கு கீது? திருப்பி மேல பாப்பேன்."

பிறகு பம்பாயிலும் கம்பியெல்லாம் ஏசியாகிவிட்டது. அந்த இன்ஜின்களுக்குப் பாதி உடம்பு வீண் சுமை. சில, சரக்கு வண்டி இழுத்துக் காலம் தள்ளின. மற்றவை பழைய இரும்புக்குப் போயின. நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள், கழுத்தைத் திருப்பும் பழக்கத்தோடு.

நான் நம்பவில்லை. இன்ஜினைச் சாக்கு வைத்து என்னை வேவு பார்க்கிறார் என்றே நினைத்தேன். இன்னொன்றும் செய்வீர்கள். சில நாள் சிலிண்டரை நீங்களே மூடிவிட்டு, "நீ ஒரு தபா பாத்துட்டு வா" என்பீர்கள். நக்கல் என்று நினைத்து, "நீங்க மூடினத நான் வேற பாக்கணுமா? ஆளப் பாரு!" என்று தெருவில் இறங்கிவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருவீர்கள்.

குமார் முனகிக்கொண்டே டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"ஐயய்யோ, கரண்ட் கீதும்மா! லைட்டுதான் பூட்ச்சி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி, மறுபடி டெஸ்டர் வைத்தார். அப்புறமும் அவர் கை உள்ளே போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் ஒரு தபா பாத்து சொல்லுங்கம்மா."

குனிந்து பார்த்தேன். "இல்லப்பா, எரியல" என்றேன்.

குமாருக்கு என்மேல் சந்தேகமா? சந்தேகப்படுகிறவரா தன் உயிருக்கு என் கண்ணைத் துணைக்குக் கேட்பார்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜினில் உங்கள் பக்கத்து ஆளுக்கு இருந்த இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பாவி மனுஷா, அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பினேன். சிலிண்டரை மூடிவிட்டு, "மூடிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். வாசலில் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, உங்களுக்காக நானே போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.