பியானோ கதவு

ஹால்வர் ஏரி,
சனிக்கிழமை

அன்புள்ள லெனோர்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் பேச்சுக்காக நான் ஒட்டிய சுவரொட்டிகளின் மேல் நானே வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு வந்தேன். உன் பெயரை மறைக்கவில்லை. அடியில் இருக்கும் ‘அனைவரும் வரலாம்’ என்ற வரியைத்தான் மறைத்தேன். தீவனக்கடை டுவேன் எட்டிப் பார்த்து, "என்ன மாரித், நாங்க அவ்வளவு நாறுறோமா? குளிச்சிட்டு வந்தா உள்ள விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தாள் கோணலாக ஒட்டியது.

நாம் இருவரும் மாணவிகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே, இந்தக் கல்லூரியின் வியாழக்கிழமைப் பேச்சுகளில் முதல் கேள்வி ஊர்க்காரர்களுடையது. ஓவியமோ, வால்நட்சத்திரமோ, காட்டுத்தீயோ, எதைப் பற்றிய பேச்சானாலும் அவர்கள் கேட்டு முடிக்கும்வரை பேராசிரியர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வழக்கத்துக்குத்தான் இப்போது வினை வந்திருக்கிறது.

போன மாதம் ஓர் இளைஞர் வந்து, நம் ஏரி கோடையில் ஏன் பச்சையாகிறது என்று பேசினார். மேட்டுப் பண்ணை ஆர்லீன் எழுந்தாள். வாரம் தவறாமல் பூசணிக்காய் வைத்த ‘பை’ பலகாரம் சுட்டுக் கொண்டுவருபவள். "தம்பி, எங்க மாட்டுச் சாணிதான் காரணம்னீங்க, ஒத்துக்கறேன். எங்க வீட்டுப் புல்லு ஆகஸ்ட்லயே காஞ்சு போச்சு. இந்தக் காலேஜ் புல்லு மட்டும் எப்படிப்பா இன்னும் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு? அதுக்குப் போடற உரமும் ஏரியிலதானே போய் இறங்குது?" என்று கேட்டாள். அரங்கமே சிரித்தது. அந்தப் புல்வெளிக்கு நன்கொடை தந்த குடும்பம் முன்வரிசையில் இருந்தது. அந்தப் பையன் நேர்மையானவன். ஆமாம், அந்த உரமும் ஒரு காரணம்தான் என்றான்.

அடுத்த வாரமே டீன் விட்டேக்கர் என்னைக் கூப்பிட்டார். இனி கல்லூரி அட்டை உள்ளவர்களுக்குத்தான் அரங்கக் கதவு திறக்குமாம். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாமாம். "எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் மாரித்" என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். பூசணிப் பை சுடுகிறவளிடமிருந்தா? அவர், "பிரிட்டா நல்லா படிக்கிறாளா?" என்று விசாரித்தார். நான் இங்கே வேலை பார்ப்பதால்தான் என் மகள் இங்கே கட்டணமில்லாமல் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆர்லீனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். மேட்டுக்கு இணையம் ஒழுங்காக வருவதில்லை. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "வந்தாலும் யாரைடி கேள்வி கேக்கறது, டிவிப் பெட்டியையா? என் மாடாவது கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்" என்றாள்.

லெனோர், வரும் வியாழக்கிழமை அதே ஏரித் தண்ணீரைப் பற்றி நீ பேச வேண்டும். இதைப் படித்ததும் வரமாட்டேன் என்று எழுதத் துடிப்பாய். எழுதாதே. நீ வராவிட்டால் அரங்கம் இருட்டாகக் கிடக்கும். கல்லூரிக்காரர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

மேடைக்குப் பின்னால், ஏரிப் பக்கம், பியானோவை உள்ளே கொண்டுவரவென்றே வைத்த அகலமான மரக்கதவு உனக்கு நினைவிருக்கும். அதற்கு இன்னும் பழைய பூட்டுதான். அட்டையெல்லாம் அதனிடம் செல்லாது. சாவி என்னிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை அந்தக் கதவைத் திறக்கப்போகிறேன். ஊர்க்காரர்கள் உட்கார இடம் தேடி மேடையைக் கடந்துதான் இறங்க வேண்டும். சேற்றுக்கால் பூட்சும் பூசணிப் பைத் தட்டுமாக, எல்லோர் கண்ணெதிரிலும். ஆர்லீனிடம் இன்னும் சொல்லவில்லை. பிரிட்டாவிடமும் சொல்லவில்லை. அவள் படிப்பைப் பணயம் வைக்கிறேன், அவளிடம் நானே சொல்லியாக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஏரிச்சாலை விடியலில் உறைந்துவிடுகிறது. மெதுவாக ஓட்டி, பத்திரமாக வந்து சேர். ஒரே ஒரு வேண்டுகோள். நீ பேசி முடித்ததும் பேராசிரியர்கள் கை தூக்குவார்கள். அந்தப் பக்கம் பார்க்காதே. ஆர்லீனுக்கு முட்டி வலி, எழுந்து நிற்க நேரமாகும். அவள் எழும்வரை காத்திரு.

உன்,
மாரித்