ஐந்து அல்பங்களும் ஒரு கடைசி வரியும்

அக்கா, உங்கள் கிற்றார்ப் பெட்டியை இன்று காலைதான் திறந்தேன். இரண்டு மாதமாக அது என் வீட்டு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தேன். மூடியைத் தூக்கியதும் கற்பூரத் தைல வாசம் மூக்கில் ஏறியது. பாடுவதற்கு முன் தொண்டையில் பூசிக்கொள்வீர்களே, அதே தைலம். நான் தேடியவை தந்திகள் வைக்கும் சின்ன அறைக்குள் இருந்தன. கட்டம் போட்ட கொப்பித் தாள்கள், அல்பத்துக்கு ஒன்றாக ஐந்து.

எடுத்தேனே தவிர, பார்க்கவில்லை. மூன்றாவது தாளைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாவற்றையும் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு ஹம்பேர்க்கில் ரயில் ஏறிவிட்டேன். மூன்று மணிக்கு பிராங்பேர்ட்டில் ஒரு சந்திப்புக்கு டெர்மின். ரயில் வழமைபோல இருபது நிமிடம் பிந்திவிட்டது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

விசயம் இதுதான். உங்கள் ஐந்தாவது அல்பத்தில் எட்டுப் பாட்டுகள் முழுதாக இருக்கின்றன. ஒன்பதாவதின் கடைசி வரியை மட்டும் நீங்கள் பாடவில்லை. அதைக் கணினியைக் கொண்டு செய்துவிடலாம் என்று அல்பம் வெளியிடும் கொம்பனியின் முகாமையாளர் எழுதியிருக்கிறார். பழைய நான்கு அல்பங்களையும் அதற்குக் கொடுத்தால் உங்கள் குரலிலேயே அந்த வரியைப் பாடித் தருமாம், ஒருவருக்கும் தெரியாதாம். பதிவுகளைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை நீங்கள் என் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போனதால் என் கையெழுத்து வேண்டும். இன்று அது கிடைக்காவிட்டால் அல்பமே வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வசனமும் எழுதியிருந்தார். "மூன்றாவது அல்பத்தின் மூலப் பதிவுகளைக் கேட்டோம். இந்த வேலை உங்களுக்குப் புதிதல்ல என்று தெரிகிறது." அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் அல்பம் நினைவிருக்கிறதா? ஹம்பேர்க் அல்டோனாவில் என் வீட்டு நிலவறை. நான் ஒலிப்பதிவில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு, பழைய மைக் இரண்டை வைத்துக்கொண்டு ஸ்ரூடியோ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தேன். நீங்கள் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, அந்த நீலச் சட்டையோடு வந்து நின்றீர்கள். கன்ட்ரி பாடவேண்டும் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், அமெரிக்க மாட்டுக்காரரின் பாட்டு. நீங்கள் சிரிக்கவில்லை. "கேட்டிட்டுச் சிரி" என்றீர்கள். பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் அகதி முகாமில் இருந்த பதினாறு வயதில், அமெரிக்கப் படையினரின் வானொலியில் ஆங்கிலமும் அந்தப் பாட்டுகளும் ஒன்றாகக் கற்றவர் நீங்கள். "வீட்டை விட்டு வந்ததுகள் பாடுற பாட்டு, பிள்ளை. எனக்கு வேறை பாட்டு என்னத்துக்கு?"

நிலவறைக்கு மேலால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்-பான் ரயில் போகும். போனால் சுவரே அதிரும். ஒரு ரயிலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், மூன்று நிமிடப் பாட்டை மூன்று முறைதான் பாட முடியும். அப்படிப் பிறந்ததுதான் உங்கள் சட்டம். மூன்று முறை பாடுவீர்கள், ஒன்றைத் தெரிவுசெய்வீர்கள், தெரிவுசெய்ததை அப்படியே வைக்கவேண்டும். கொப்பித் தாளில் பாட்டின் பெயரை எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, தெரிவுசெய்த கட்டத்தை வட்டமிடுவீர்கள். நல்ல வரியை ஒன்றிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டலாம் என்று நான் சொன்னபோது முகம் கறுத்தது. "ஒரு பாட்டை ஒரு ஆள்தான் பாடலாம். முதலாந்தரம் பாடினவள் வேறை, மூண்டாந்தரம் பாடினவள் வேறை."

இரண்டாவது அல்பத்துக்குக் கொம்பனி வந்தது, நல்ல ஸ்ரூடியோ வந்தது. மேலால் ரயில் இல்லை, ஆனாலும் மூன்று முறைதான். அட்டையில் உங்கள் முதுகையும் தொப்பியையும் மட்டும் போட்டார்கள். முகத்தைப் பார்த்தால் வாங்கமாட்டார்களாம். பெயரின் பாதியையும் வெட்டினார்கள். நம்முடைய ஆட்கள் அதற்கும் மேல். ஒரு கலியாண மண்டபத்தில் ஒரு ஐயா உங்களை மறித்து, "நல்ல குரல் பிள்ளை, ஒரு தேவாரத்தைப் பாடலாமே, உந்தத் தொப்பி ஏன்?" என்று கேட்டார். "வழுக்கை ஐயா" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு வந்தீர்கள். காரில் ஏறிய பிறகு அழுதீர்கள். அந்த அல்பம் விற்கவில்லை.

மூன்றாவதில் உங்கள் முகம் அட்டையில் வந்தது, முழுப் பெயரும் வந்தது. இங்கேதான் நான் சொல்லவேண்டியது இருக்கிறது. ரயில் இப்போது கசல் தாண்டிவிட்டது, இனியும் சுற்றி வளைக்க நேரமில்லை.

அம்மாவின் பாட்டு. வதிவிட அனுமதிக்கு அன்ராக் என்ற விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்களில் உங்கள் அம்மா ஊரில் இறந்தார், நீங்கள் போக முடியவில்லை. அதைப் பாடினீர்கள். முதல் முறை குரல் நேராக இருந்தது. இரண்டாவதில் சுருதி கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது வேறு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசி வரியில் மட்டும் குரல் பிசிறி, பாதிச் சொல் காற்றாகப் போனது. "மூண்டாவதை வை" என்று சொல்லி முகம் கழுவப் போனீர்கள். நான் முதலாவதிலிருந்து கடைசி வரியை வெட்டி மூன்றாவதில் ஒட்டினேன். அழகாக ஒட்டியது. அந்தளவுக்கு நான் கெட்டிக்காரி.

அந்தப் பாட்டுத்தான் உங்களை மேலே கொண்டுபோனது. எவ்வளவு துயரத்தைப் பாடிவிட்டு முடிவில் எவ்வளவு உறுதி என்று எழுதினார்கள். வெளிவந்த பிறகு உங்கள் அல்பங்களை நீங்கள் கேட்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். மேடையில் அந்தக் கடைசி வரி ஒவ்வொரு முறையும் உங்களுக்கு உடையும். சனம் எழுந்து நிற்கும். நான் ஒலிப்பலகைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

நான்காவது அல்பத்தை ஒரு கிராமத்து மண்டபத்தில், சனத்தின் முன்னால், ஒரேயொரு மைக்கில் பதியவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். இருமல், கதிரைச் சத்தம், எல்லாம் அதில் இருக்கிறது. வெட்டவும் ஏலாது, ஒட்டவும் ஏலாது. உங்களுக்கு ஏதோ புதுப் பைத்தியம் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். ஏன் அப்படிக் கேட்டீர்கள், அக்கா?

இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

திரும்பி வரும் ரயிலில் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முகாமையாளர் கெட்ட மனிதர் அல்ல. கோப்பி தந்தார். உங்கள் நான்காவது அல்பத்தைத் தன் காரில் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு கணினி செய்த வரியைப் போட்டுக் காட்டினார். உங்கள் குரல்தான். மூச்சுக்கூட உங்களுடையது போலவே இருந்தது. இது அவர் பாடியதல்ல என்றேன்.

"மூன்றாவது அல்பத்தில் இருப்பதும் அவர் தெரிவுசெய்ததல்ல. அவருடைய சட்டம் எங்களுக்கும் தெரியும்" என்றார் அமைதியாக. "அவரிடம் கேட்டா செய்தீர்கள்? அப்போது சரியென்றால் இப்போது மட்டும் ஏன் பிழை?"

கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று பையைத் திறந்து தாள்களை எடுத்தேன். மூன்றாவது தாள். அம்மாவின் பாட்டு. மூன்றாவது கட்டத்தில் வட்டம். அதன் பக்கத்தில், வேறு நிற மையில், உங்கள் சரிந்த எழுத்து.

"ரேடியோவில் கேட்டேன். கடைசி வரி மூன்றில்லை, ஒன்று. அவளே வந்து சொல்லட்டும்."

அக்கா, எத்தனை வருடம் காத்திருந்தீர்கள்? ஒவ்வொரு கச்சேரி முடிந்தும் காரில் பக்கத்தில் இருந்து, "என்ன பிள்ளை, பேசாமல் வாறாய்?" என்று கேட்பீர்கள். களைப்பு அக்கா என்பேன். நீங்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நான்தான் ஒருநாளும் உள்ளே வரவில்லை. அதைத் தெரிந்தும் பதிவுகளை என் பெயரில் எழுதி வைத்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். ஜெர்மன் மொழியில் சொன்னேன். சொல்லும்போது என் குரலும் கடைசியில் பிசிறியது. பிறகு பதில் தானாக வந்தது. "அப்போது செய்ததும் பிழைதான். அப்போது கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை."

"வரி இல்லாவிட்டால் பாட்டு முடியாமல் நிற்கும். கேட்பவர்கள் பதிவில் பிழை என்பார்கள்."

"முடியாமல்தான் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன்."

உங்கள் இருக்கையறையில் கடைசி நாள். மூக்கில் ஒட்சிசன் குழாய், தொண்டையில் தைலம். முதல் முறை கடைசி வரிக்கு முன் மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. இரண்டாவதும் அதே இடத்தில் நின்றது, விரல் மட்டும் கிற்றாரில் போய்க்கொண்டே இருந்தது. "மூண்டாவதை நாளைக்குப் பாடுறன். மைக்கைக் கழட்டாதை" என்றீர்கள். ஓம் அக்கா என்று வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்புலன்ஸ் வந்தது. செத்தவீடு முடியும்வரை மைக் அங்கேயே நின்றது.

முகாமையாளரிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். இரண்டாவது முறை பாடியதை அப்படியே வைக்கவேண்டும். கடைசி வரியின் இடத்தில் உங்கள் மூச்சும் கிற்றாரும் மட்டும் இருக்கட்டும். மூன்றாவது அல்பத்தில் நான் செய்ததை இந்த ஐந்தாவதின் அட்டையில் என் பெயரோடு அச்சிடவேண்டும். அது தேவையா, தொழில் கெட்டுவிடும் என்றார். உண்மைதான், இனி என்னிடம் பதிய வருபவர்கள் ஒருமுறை யோசிப்பார்கள். தேவை என்றேன். மேலிடத்தோடு கதைக்கப் போனார். நடைபாதைக் கதிரையில், உங்கள் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் மறுத்தால் உங்கள் அல்பத்தை நானே புதைத்தவள் ஆவேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். திரும்பி வந்து, "சரி, ஆனால் இன்றே எழுதித் தாருங்கள்" என்றார். எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன்.

அக்கா, உங்களிடம் சொல்லவேண்டியதை ஒரு ஜெர்மன்காரரிடம் சொன்னேன். உங்களிடமும் இப்போது சொல்கிறேன். வெட்டி ஒட்டியது நான்தான். பயத்தில் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

ஐந்தாவது தாள் இப்போது என் முன்னால் விரிந்திருக்கிறது. எட்டுப் பாட்டுக்கும் நீங்களே வட்டமிட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவதில் முதல் இரண்டு கட்டத்திலும் முடியவில்லை என்று கோடு இழுத்துவிட்டு, மூன்றாவதை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். கொம்பனிக்குக் கொடுத்தது இரண்டாவது என்று ஓரத்தில் என் கையால் எழுதி, என் பெயரையும் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் பேனை வைக்கவில்லை. அது நீங்கள் நாளைக்கென்று சொன்னது.