பதினோரு கைகள்

இன்று காலை பயிற்சி அரங்கில் சானிடைசர் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் நடத்துவது எப்படி என்று மருத்துவப் பேராசிரியர்களுக்குச் சொல்லித்தரும் முகாம். நடத்துவது நான். கேட்டால் நீ சிரித்திருப்பாய்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஸ்ரீரங்கம் வரும்வரை நீ இதைத்தானே பேசுவாய். ஒன்றாகப் படித்த கல்லூரியிலேயே இருவரும் பேராசிரியர்களாகவும் ஆனோம். "ஒரு பேஷண்ட்மேல மூணு ஸ்டூடண்ட்டுக்கு மேல கை வைக்க விடாதடி. அது வயிறு, வலிக்கும்" என்பாய். நானும் தலையாட்டுவேன். வார்டுக்குள் நுழைந்தால் மறந்துபோகும். சுற்றிக் கூட்டம் நின்றால் என் குரல்மீது எனக்கே மயக்கம்.

பிறகு நீயே என் வார்டில் படுத்தாய், வீங்கிய கல்லீரலோடு. மாணவர்களுக்குப் பரீட்சை நேரம். "பசங்க பாக்கட்டுமாடி?" என்றேன். சரி என்றாய். நான் அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன். உன் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. வயிற்றில் தவறான இடத்தில் அழுத்திய ஒருவனை உன் தலைமாட்டில் வைத்தே, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று திட்டினேன். பயத்தில் அவன் இன்னும் அழுத்தினான்.

எல்லோரும் போனபின் சொன்னாய்: "பதினோரு கைடி. எல்லாம் ஐஸ். ஒருத்தர்கூட என் பேரைக் கேக்கல. நீயும் 'இந்த கேஸ்'னுதான் சொன்ன."

"நல்லா கத்துக்கிட்டாங்கடி" என்றேன். சீ, எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அடுத்த வாரம் நீ இறந்துபோனாய். அந்த ஆண்டு சிறந்த ஆசிரியர் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன்.

இன்று சால்வை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ எல்லாம் முடிந்தது. "யாராவது இந்தக் கட்டில்ல படுங்க. மத்தவங்க வந்து வயித்தைத் தொட்டுப் பாருங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. "நாங்க ப்ரொஃபசருங்க மேடம், ஒரு பொம்மை வச்சுக்கலாமே?" என்று ஒருவர் இளித்தார்.

நானே படுத்தேன். கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. கைகள் வந்தன, ஒவ்வொன்றும் சில்லென்று. ஏழாவது கையில் வலித்தது. நிறுத்தச் சொல்லாமல் பதினொன்று வரை எண்ணினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து உன் கதையைச் சொன்னேன். திட்டியது நான்தான் என்பதையும் சேர்த்து. பொம்மை கேட்டவர் வந்து படுத்தார். திரையை இழுத்தேன். உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்தேன். பல வருடமாகத் தெரிந்த மனிதரிடம், "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே வயிற்றில் கை வைத்தேன்.