கருப்புப் பொருக்கு

டிசம்பர் 9
விடிஞ்சதிலிருந்து மூடுபனி. எதிர்க்கடை போர்டு தெரியல. இவருக்கு மூணாவது நாளா காய்ச்சல். கடையை நான்தான் தெறந்தேன். ஏலக்காய் பாக்கெட் போடணும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும்.
தலைவலின்னு துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்திருக்கார். குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. தட்டு, டம்ளர் தனியா எடுத்து வெச்சேன்.

டிசம்பர் 10
கிளினிக். வைரல் காய்ச்சலா இருக்கும்னு மாத்திரை.
சாயங்காலம் வெந்நீர்ல உடம்பு தொடைச்சப்ப பாத்தேன். தொடை இடுக்குல கருப்பா ஒரு பொருக்கு. பீடி நெருப்பு சுட்டாப்புல. வலி இல்லையாம்.
"அட்டை கடிச்சது. மூடு, நூரு."
"டாக்டர்கிட்ட காட்டலாமுங்க."
"அங்க போயி வேட்டிய அவுக்கச் சொல்றியா?"
விட்டுட்டேன். கஞ்சி அப்படியே இருக்கு.

டிசம்பர் 12
நேத்து எழுதல. மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஏதேதோ பேச்சு. கொழுந்தன் கார் கொண்டாந்தார். வளைவுக்கு வளைவு இவர் தலை என் மடியில உருண்டுச்சு. மலை எறங்கி சேலம் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன்.
டாக்டரம்மா சின்ன வயசு. "காடு, புதர்ப் பக்கம் போனாரா? உடம்புல எங்கயாச்சும் கருப்பா பொருக்கு?"
அந்த மயக்கத்துலயும் என் கையை அழுத்தினார், சொல்லாதேன்னு. சொல்லிட்டேன்.
அட்டை இல்லையாம். புதர்ல இருக்கிற பூச்சி, கண்ணுக்கே தெரியாது. அது கடிக்கிறப்ப கிருமி உள்ள போயிருது. ரத்தத்துல ஏறி நுரையீரல், கிட்னி எல்லாத்தையும் பிடிக்குமாம். ஆளுக்கு ஆள் தொத்தாதாம். தட்டை வீணாத் தனியா வெச்சேன்.

டிசம்பர் 14
காய்ச்சல் எறங்கிருச்சு. அல்ஹம்துலில்லாஹ்.
டாக்டரம்மா கேட்டாங்க, "புதர்ப் பக்கம் போன அன்னிக்கு கூட யாரு இருந்தாங்க? அவங்களுக்கும் காய்ச்சல்னா ஒடனே வரச் சொல்லுங்க."
இவரைக் கேட்டேன். போன மாசக் கடைசியில கொட்டச்சேட்டுல ஒரு தோட்டத்துக்குக் காப்பிக்கொட்டை வாங்கப் போனாராம். அந்தத் தோட்டத்துக்காரி தங்கம்மாக்காவும் இவரும் புதர் ஓரமா தரையில உக்காந்து சாப்பிட்டாங்களாம். நம்பர் சொன்னார். வராண்டாவுக்குப் போயி போட்டேன். மக எடுத்தா.
"அம்மா செவ்வாக்கெழமையே போயிட்டாங்கக்கா. காச்சல்தானேன்னு ஊட்டுலயே வெச்சிருந்தோமுங்க."
"ஒடம்புல எங்கயாச்சும் கருப்பா..."
"அக்குள்ல ஏதோ புண்ணுன்னாங்க. எங்கள நொம்ப பாக்க உடலீங்க."
அவ அழுதா. ஊட்டுல வேற யாருக்காச்சும் காய்ச்சல்னா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொன்னேன்.
இவருக்குக் குடுக்கிறது எந்த மெடிக்கல்லயும் கெடைக்கிற மாத்திரை.

டிசம்பர் 15
வார்டுல வெயில். ஒரு இட்லி சாப்பிட்டார். ஷேவிங் பண்ணணுமாம். ஊட்டுக்குப் போர்வை துவைக்கக் குடுத்தனுப்பணும்.
"தங்கம்மாக்காகிட்ட பேசினியா?"
"பேசினேன்."
"இந்த மாத்திரையை அதுக்கும் வாங்கி அனுப்பு, நூரு. அது கூச்சப்படும். டாக்டர்கிட்ட காட்டாது."
சரின்னேன். போர்வையை இழுத்துவிட்டேன்.