கோர்தோபாவின் கோதுமையும் எங்கள் கெல்லர் அரிசியும்

அனுப்புபவர்:
திருமதி றஞ்சினி கிளமென்ற்,
பலசரக்குக் கடை உரிமையாளர்,
நான்காம் வட்டாரம், சூரிச்.

பெறுபவர்:
திரு. சச்சிதானந்தன் அவர்கள்,
தலைவர், நான்காம் வட்டாரத் தமிழர் நலன்புரிச் சங்கம்,
சூரிச்.

விடயம்: அரிசி பதுக்கியதாகச் சொல்லி எமது கடையின் நிலவறைக்குள் (கெல்லருக்குள்) ஆட்கள் புகுந்தமை, வரும் சனிக்கிழமை மீண்டும் வரப்போவதாக அறிவித்துள்ளமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவர் கிளமென்றும் நெடுங்காலமாக இந்தத் தெருவில் கடை நடத்தி வருவது தாங்கள் அறிந்ததே. கடந்த வாரங்களில் தாங்கள் இலங்கையில் நின்றபடியால், நடந்ததை முதலில் இருந்து எழுத வேண்டியுள்ளது. எழுத்தில் பதற்றம் தெரிந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. இவ்வருடம் குத்தரிசியும் தேங்காய்ப்பாலும் விலை ஏறிவிட்டன. மொத்த வியாபாரி ஏற்றும்போது நாங்களும் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆட்களின் முகத்துக்கு முன்னால் விலைச்சீட்டை மாற்ற மனம் வராமல், என் கணவர் கடை பூட்டிய பிறகே மாற்றுவார். சனம் முணுமுணுத்தது. அதை நான் பிழை சொல்லவில்லை.

3. இந்நிலையில் சங்க மண்டபத்தில், பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆராய்ச்சி செய்யும் செல்வி வேணுகா, பழைய ஸ்பெயின் நகரங்களில் உணவு விலை ஏறிய வரலாறு பற்றி உரையாற்றினார். நானும் போயிருந்தேன். ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் கோர்தோபா என்ற நகரில், பசியால் இறந்த மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் தெருவில் அழுதுகொண்டு போனதையும், சனம் திரண்டு வீடு வீடாகக் கோதுமை தேடியதையும், வசதியானவர்களின் வீடுகளில் அது அகப்பட்டதையும் அவர் சொன்னார். மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அதன் பிறகுதான், விளைச்சல் பொய்த்ததையும், போர்ச் செலவுக்காக அரசு செப்புக் காசின் மதிப்பைக் கூட்டியும் குறைத்தும் குழப்பியதையும், ஆனால் கோபம் முதலில் பாண் சுடுபவர்கள்மீதே விழுந்ததையும் விளக்கினார்.

4. மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவ்வுரையின் முதற்பகுதி மட்டும் வெட்டிப் போடப்பட்டது. அதன் கீழே எமது கடையின் படம். "எங்கட கோதுமை எங்கை இருக்கு?" என்று எழுதியிருந்தது. யார் போட்டார் என்று எனக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

5. கடந்த சனிக்கிழமை மத்தியானம் பதினைந்து பேரளவில் கடைக்கு வந்தார்கள். எல்லோரும் எமக்குத் தெரிந்த முகங்கள். முன்னால் நின்றவர் திரு. சந்திரகுமார். உணவகச் சமையலறையில் வேலை செய்பவர், அண்மையில் அவருடைய வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், மூன்று பிள்ளைகள். அதுவரை எம்முடன் சத்தமாக ஒரு வார்த்தை கதைத்தவரல்லர்.

"கெல்லரைத் திறவுங்கோ அண்ணை. பாத்திட்டுப் போறம்" என்றார்.

"கீழ இருக்கிறது அம்மன் கோயில் அன்னதான அரிசி, தம்பி. கோயிலாக்கள் சொல்லி எடுப்பிச்சது" என்றார் என் கணவர்.

"வேதக்காரரிட்டயோ அம்மன் அரிசி?" என்று நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைக் குத்திப் பின்னால் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கூட்டம் நெருக்கியது. நிலவறைக் கதவு தள்ளுப்பட்டுத் திறக்க, அதன் முன் நின்ற என் கணவர் படிகளில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அவரைத் தாண்டி இறங்கியவர்கள் மூட்டைகளைக் கண்டு படம் பிடித்தார்கள். "இருக்கு, இருக்கு" என்று கூவியது மேலே எனக்குக் கேட்டது. ஒரு மூட்டையையும் எவரும் எடுக்கவில்லை என்பதையும் நீதிக்காக எழுதுகிறேன். என் கணவரைத் தூக்கி இருத்தியவரும் சந்திரகுமார்தான். "நான் தள்ளேல்லை அண்ணை, சத்தியமாத் தள்ளேல்லை" என்று அவர் அழுதார். நான் அதை நம்புகிறேன். யார் தள்ளினார் என்று எமக்குத் தெரியாது.

6. அன்றிரவே அந்தக் கோயிலின் செயலாளர் திருமதி சுகந்தி, அரிசி தங்களுடையதே என்று குழுவில் எழுதினார். மூட்டைகளின் படங்களுக்கும் வசைகளுக்கும் நடுவில் அது எவர் கண்ணிலும் படவில்லை. வேணுகாவும் கடைக்கு வந்தார். "அக்கா, நான் சொன்னதின்ர மிச்சத்தையும் தலைவரைப் போடச் சொல்லுங்கோ. நான் போட்டா குழுவை நடத்துறவை அழிக்கினம்" என்றார்.

7. வைத்தியசாலையில் எப்படிக் காயம் வந்தது என்று கேட்டார்கள். படியில் சறுக்கியதாக என் கணவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் கோபித்தபோது, "வந்ததில நாலைஞ்சு பேருக்கு இன்னும் எஃப் விசாதான். பொலிஸில பேர் பதிஞ்சா அதுகளின்ர கதி என்ன?" என்று கேட்டார். தற்காலிக அனுமதியில் இருப்பதன் பயத்தை நாங்களும் அனுபவித்தவர்கள்.

8. நேற்று குழுவில் புதிய அறிவித்தல் வந்துள்ளது: "சனிக்கிழமை திரும்பவும் போறம். இந்த முறை விலையைக் குறைக்காமல் வெளிக்கிடமாட்டம்." அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் என் பிள்ளையின் ஞானத்தாயும் ஒருவர். இன்னொரு முறை என் கணவரை யாராவது தொட்டால் நான் பொலிஸை அழைப்பேன். அழைத்த பிறகு இந்தத் தெருவில் யாருடைய முகத்தைப் பார்ப்பேன் என்பதும் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

9. ஆகவே ஐயா, வேணுகாவின் உரையை முழுமையாகவும், கோயில் செயலாளர் குழுவில் எழுதியதை அதன் கீழும், தங்கள் பெயரில் குழுவில் வெளியிட வேண்டுகிறேன். விலை பற்றிக் கேட்க விரும்புபவர்களைச் சங்க மண்டபத்துக்கு அழையுங்கள். மொத்த வியாபாரியின் சிட்டைகளோடு நான் வந்து பதில் சொல்கிறேன். சந்திரகுமார் போன்ற குடும்பங்களுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்பதையும் அதே கூட்டத்தில் கதைக்க வேண்டும். எங்கள் கடையும் தன்னால் ஆனதைச் செய்யும்.

எல்லாவற்றிலும் அவசரமானது இதுவே: சனிக்கிழமை காலை தாங்கள் நேரில் வந்து, எல்லோரும் காண, எமது கடையில் அரிசி வாங்க வேண்டும். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அன்று நான் கடையைத் திறப்பேன். தனியே திறக்க விடாதீர்கள் என்பதே என் மன்றாட்டம்.

இடம்: சூரிச்
திகதி: 12.11.2025

இப்படிக்கு,
பணிவுடன்,
றஞ்சினி கிளமென்ற்