பிள்ளைகள் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு வேண்டி

அனுப்புநர்:
க. சுலோசனா,
உப்பளத் தொழிலாளி,
உப்பளத் தெரு, மரக்காணம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், எங்கள் தெரு முனையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்க வழி செய்து தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வியாழக்கிழமை காலை தங்கள் ஜீப்பை நடுச்சாலையில் நிறுத்திய மூன்று பெண்களில் நானும் ஒருத்தி. "எழுதிக் குடுங்கம்மா, பாக்கலாம்" என்று தாங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

2. எங்கள் வீடுகள் சாலைக்கு மேற்கே, பள்ளிக்கூடம் கிழக்கே. ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள், என்னோடு அளத்தில் வேலை செய்யும் மலர்கொடியின் மகள் ஷாலினி, இரண்டாம் வகுப்பு, கழன்ற செருப்பை எடுக்கச் சாலைக்குள் திரும்பி ஓடினாள். வேகமாக வந்த வேன் ஒடித்துத் திரும்பியதில் செருப்புதான் நசுங்கியது. பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முழுவதும் எங்களுக்கு அளத்தில் வேலையே ஓடவில்லை.

3. மறுநாள் முதல் எட்டரை மணிக்கு நானும் மலர்கொடியும் அந்தோணியம்மாளும் அளத்திலிருந்து ஏறி வந்து, உப்பு வாரும் நீண்ட பலகைகளைக் குறுக்கே நீட்டி வண்டிகளை நிறுத்துகிறோம். முதல் நாள் ஒரு பஸ் டிரைவர், "ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" என்று கத்தினார். அந்தோணியம்மாள், "இல்லீங்க, இந்தப் புள்ளைங்க வூட்டுது. ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்றார். பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்போது அதே டிரைவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கிறார். உப்பு லாரி ஓட்டும் ராமதாஸ், பிள்ளைகள் வைக்கும் சல்யூட்டுக்காகவே அந்த நேரம் பார்த்து வருகிறார். எங்கள் தெருவின் நாற்பத்தொரு பிள்ளைகளில் யாரும் இப்போது பள்ளிக்கு மட்டம் போடுவதில்லை.

4. தங்கள் ஜீப்பை நிறுத்திய அன்று, "யாரைக் கேட்டு நிறுத்துறீங்க?" என்று தாங்கள் கேட்டீர்கள். ஷாலினிதான் முந்திக்கொண்டு, "நாங்க போறதுக்கு சார்!" என்றாள். தாங்கள் சிரித்து, அவளைக் கைபிடித்துச் சாலைக்கு அப்பால் அழைத்துச் சென்றதை எங்கள் தெருவே பேசுகிறது.

5. அடுத்த மாதம் மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை நின்றுவிடும். நாங்கள் விடியற்காலையிலேயே வெளியூர்க் கூலி வேலைக்குப் போய்விடுவோம். சாலையில் நிற்க ஆளில்லை.

6. ஆகவே அதற்கு முன் வெள்ளைக் கோடுகளும், இருபுறமும் வேகத்தடையும், பள்ளி இருப்பதைச் சொல்லும் பலகையும் அமைத்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கோடு போடும் தேதியை முன்கூட்டிச் சொல்லியனுப்புங்கள் ஐயா. அன்று அளத்துக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளோடு நாங்களும் ஒருமுறை கைவீசி நடந்து அந்தச் சாலையைக் கடக்க ஆசைப்படுகிறோம்.

இடம்: மரக்காணம்
நாள்: 19.09.2005

தங்கள் உண்மையுள்ள,
க. சுலோசனா
மலர்கொடி
அந்தோணியம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)