அத்தானின் கன்னம்

என் அருமை அத்தானுக்கு,

பூதலூர் வட்டாரத்தில் ஒருவரும் நம்பப் போகாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். நீங்கள் இருந்தபோதே நான் சொன்னதில் கால்வாசியைத்தான் நம்புவீர்கள். இப்போது எழுந்து வந்து மறுக்க முடியாதல்லவா, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு அக்கா தனியாக இருக்கிறாளே என்று உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். நெல் மூட்டை அடுக்கும் அறையில், நான் எடுக்கிற போட்டோக்களை அச்சடிக்கும் என் பிரிண்டர் வீற்றிருக்கிறது. அதை இறக்குவதற்காகவே பூதலூரில் நிற்காத ரயில் நின்றது. கறுப்பு மையே மூன்று வகை. ஒரு படம் அச்சாகி வெளியே வருவதற்குள் ஒரு போகம் விளைந்து அறுப்பும் முடிந்துவிடும். காகிதம் சுத்தப் பருத்தி, உங்கள் பொங்கல் வேட்டியைவிடக் கனம். கோடை முழுவதும் நாரையும் மதகுமாக அச்சடித்துத் தள்ளினேன்.

அப்புறம் கார்த்திகையில் உங்கள் முதல் வருஷத் திதி வரப்போகிறது என்றார்கள். சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. யார் குற்றம் அத்தான்? கேமராவைக் கண்டால் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வீர்கள். நாலு அம்மைத் தழும்புக்கு அத்தனை வெட்கமா? முப்பது வருஷக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுகிறவர்கள், தீராத பல்வலியோடு ஊர் ஊராக விருந்துக்குப் போன மகான் என்றுதான் நினைப்பார்கள்.

அடையாள அட்டையில் மங்கிக் கிடந்த படத்தை டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். கன்னத்தை உரித்த முட்டையாக்கி, கோட்டும் மாட்டி அனுப்பினார்கள்.

“யாருடா இது? பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி இருக்காரு,” என்று சொல்லி, அக்கா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அவரு மூஞ்சி எனக்கு மறந்துகிட்டே வருதுடா. கண்ண மூடுனா துண்டுதான் தெரியுது.”

அன்றே நாரைகளுக்கு விடுமுறை கொடுத்தேன்.

என்னிடம் ஒரே ஒரு படம் இருந்தது. மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலில் நுழைந்த அன்று, துண்டை மறந்துவிட்டு மதகடியில் நின்றீர்களே, அது. எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. பெரிதாக்கினால் கண் வந்தது, மீசை வந்தது, தழும்பு மட்டும் கரைந்து போனது. ஆயிரத்தெட்டு தடவை அச்சடித்தேன். ஏழு தடவை என்பாள் அக்கா. அவளுக்கு எண்ணத் தெரியாது. கழுவி ஊற்றிய மையில் வெண்ணாறு ஒரு வாரம் கறுப்பாக ஓடியது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: “கிட்டத்தட்ட அவருதான்.”

கிட்டத்தட்ட. கட்டிய புருஷனுக்குச் சொல்கிற வார்த்தையா அது?

கடைசிப் படம் வந்தபோது ஐப்பசி அடைமழை. காகிதம் ஈரம் குடித்து அப்பளமாகச் சுருண்டது. சமமான கனம் ஏற்றி நிமிர்த்த வேண்டும் என்பது அச்சுக்கலை விதி. அந்த அறையில் கனத்துக்கா பஞ்சம்? மேலே மெல்லிய தாளைப் போர்த்தி, குறுவை நெல் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், சாக்கையும் தாளையும் மீறி நெல் நெல்லாகப் பதிந்திருந்தது. சட்டையிலும் மதகிலும் வானத்திலும் பள்ளம். கன்னத்திலும்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். “மாமா, அதக் குப்பையில போடுங்க. அம்மா பாத்தா அழும்,” என்றாள்.

சுருட்டி ஒளிப்பதற்குள் அக்கா காப்பியோடு உள்ளே வந்துவிட்டாள். படத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு உங்கள் கன்னத்தைத் தொட்டாள்.

“இங்க மூணு. இதுக்குக் கீழ ஒண்ணு,” என்றாள். பிறகு என்னிடம் அல்ல, உங்களிடம்: “இப்பவாச்சும் துண்ட எடுத்தீங்களே.”

திதிக்கு அதைத்தான் மாட்டினோம். கண்ணாடி போடக் கூடாது என்று அக்காவின் உத்தரவு. காலையில் விளக்கேற்றியதும் போய்த் தொட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை அதைவிட நன்றாகத் திட்டுகிறாள். சம்பாவும் கதிர் தள்ளிவிட்டது.

தொடத் தொடக் கன்னம் அழுக்கேறும், பள்ளம் தூர்ந்து போகும். போகட்டும். என் கை ஓடுகிறவரை வருஷா வருஷம் புதிதாக அச்சடித்து நெல்லுக்கடியில் வைப்பேன். இது என் வாக்கு. மற்ற அளப்பையெல்லாம் உங்கள் வழக்கப்படி தள்ளிவிடுங்கள். அக்கா தொட்டுப் பார்த்து உங்களை அடையாளம் கண்டாள் பாருங்கள், அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒரு பொய்யும் செல்லுபடியாகாத மைத்துனன்